அறுபத்து மூன்றாம் எண் பைப்

மார்ச் 4

சாயக்காரிக்கு,

போன்ல பேசினா நீ பேச்சை மாத்திடுவே. அதனாலதான் ஞாயித்துக்கிழமை பாதியில வச்சேன். இனிமே எழுத்துலதான். எழுத்துல பேச்சை மாத்தினா ரெண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது, பேசற மாதிரிதான் வரும். நீ அச்சகத்துல பிழை திருத்தறவ. என் கடுதாசியில சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினே, அவ்வளவுதான் சொல்லிட்டேன்.

விஷயத்துக்கு வரேன். ஒன்பது வருஷமா நான் புகை பிடிக்கிற பைப் செதுக்கறேன், நீ சாயம் போட்டு ஞாயித்துக்கிழமைச் சந்தையில விக்கிறே. உன் அண்ணனுக்கு மாத்தலாகி நாங்க இங்க வந்து மூணு வருஷம் ஆச்சு, அப்பவும் வேலை நிக்கல. பல்செட் அனுப்பற டப்பாவுல பஞ்சு வச்சு அனுப்பறேன். ஒவ்வொரு பைப்போடயும் ஒரு சீட்டு: எண், மரம், சாயம். என்ன சாயம்னு நான் எழுதுவேன், நீ போடுவே. இத்தனை வருஷத்துல ஒரு தடவை தகராறு வந்திருக்கா?

அறுபத்து மூணாம் நம்பர் சீட்டுல என்ன எழுதியிருந்தேன்? "சாயம் வேண்டாம். மெழுகு மட்டும்." அடியில ரெண்டு கோடு வேற போட்டிருந்தேன்.

அது எப்படிப்பட்ட கட்டைன்னு உனக்கே தெரியும். பைப்புக்குன்னே வர்ற பிரையர் வேர்முண்டுல நூத்துல ஒண்ணு அப்படி அமைஞ்சாலே அதிசயம். படிய வாரின தலைமுடி மாதிரி, அடியிலேர்ந்து வாய் வரைக்கும் நேர் நேரா ரேகை, சுத்திலும். பல்செட் செய்யற நம்ம லேப்ல பன்னெண்டு நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போனப்ப நான் உக்காந்து செதுக்கினேன். பல்லுக்குப் பிடிக்கிற அதே ட்ரில். அதைப் பிடிச்ச கைக்கு அவ்வளவு சந்தோஷம் அது வரைக்கும் வந்ததில்ல.

சனிக்கிழமை உன் அண்ணன், நீ போன்ல போட்ட படத்தைக் காட்டறார். "இது நம்ம அறுபத்து மூணு இல்ல?"ங்கறார். "இல்ல, அது கருகின கத்தரிக்கா"ன்னேன். அப்புறம்தான் காம்புக்கு அடியில நான் பொறிச்ச நம்பர் தெரிஞ்சுது.

வித்தும் விட்டாச்சாம்!

ஏன்? காரணம் எழுதாத வரைக்கும் அடுத்த பெட்டி வராது.

பல்லண்ணி

பி.கு. உன் அண்ணன் சௌக்கியம். டாக்டர் புகையை விடச் சொல்லி ஏழு வருஷமாச்சு, இன்னும் காலி பைப்பை வாயில வச்சுக்கிட்டுதான் பேப்பர் படிக்கறார். அதைக் கையில எடுத்துட்டு, "பாவம், ஏதாவது காரணம் இருக்கும்"னார். அன்னிக்குச் சாயங்காலம் அவருக்குக் காபி கிடையாதுன்னுட்டேன்.


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிவப்புப் பேனாவைத் தொடவில்லை.

நான் செய்தது தப்புதான். வாங்க வந்தவர் அடர்ந்த நிறமாகக் கேட்டார். சந்தைக்கு எதிர்த்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். கேட்டாரே என்று போட்டுக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் அது வெறும் கறுப்பு இல்லை. முதலில் கறுப்பை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவினேன். தீக்குச்சியைக் காட்டியதும் வழக்கம்போல நீலமாக ஒரு கணம் எரிந்து அணைந்தது, சாயம் மரத்துக்குள் இறங்கியது. காய்ந்த பிறகு மேலே இருந்த கறுப்பை நைஸ் உப்புத்தாளால் எடுத்துவிட்டு, அதன்மேல் சிவப்பு. மூன்று நாள் வேலை. பின்கட்டு மேடையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொண்டு, பைப்பின் புகையிலைக் கிண்ணத்துக்குள் சாயம் போய்விடாமல் பஞ்சடைத்து, ஒரு குச்சியில் செருகிச் சுற்றிச் சுற்றிப் பூசினேன். என் இடது கை நகமெல்லாம் இன்னும் சிவந்திருக்கிறது. அலுவலகத்தில் மருதாணியா என்று கேட்டார்கள்.

போன ஞாயிறு சந்தையில் ஒரு பெரிய மனிதர் எண் நாற்பத்தெட்டைக் கையிலெடுத்து, "உங்க வீட்டுக்காரர் செய்யறதா?" என்றார்.

"எங்க அண்ணி."

"அவங்க பிடிப்பாங்களா?"

"இல்ல."

"நீங்க?"

"இல்ல."

"அப்போ இது நல்லா இழுக்குமா இழுக்காதான்னு யாருக்குத்தான் தெரியும்?"

"நீங்கதான் வந்து சொல்லணும்," என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். பக்கத்து மேசைக்காரி, "பைப்னு பலகை வச்சிருக்கியே, என் வீட்டுக் குழாய் ஒழுகுது, வந்து பாப்பியா?" என்று வாரம் தவறாமல் கேட்கிறாள். அவளுக்கு அலுக்கவே இல்லை.

அண்ணனின் உடைந்த பைப்புக்கு நீங்கள் பல்செட் வார்க்கிற பசையில், வாயில் வைக்கும் புதுத் தண்டு செய்து பொருத்திய நாளில், இது இத்தனை தூரம் வரும் என்று யார் நினைத்தோம்?

வேறு ஒன்றும் இல்லை. லேப் எப்படி இருக்கிறது? வெளிச்சமெல்லாம் போதுமானதாக இருக்கிறதா?

உங்கள்
சாயக்காரி


மார்ச் 19

சாயக்காரிக்கு,

நீ பொய் எழுதினா வாக்கியம் சின்னதாயிடும். "வேறு ஒன்றும் இல்லை"யாமே. அப்போ என்னமோ இருக்கு.

நான் சும்மா இருப்பேன்னு நினைச்சியா? உன் அண்ணனை உக்கார வச்சு, நீ அனுப்பின பழைய படத்தையெல்லாம் வரிசையா எடுக்கச் சொன்னேன். நாப்பது, நாப்பத்தொண்ணு, அம்பது வரைக்கும் எல்லாம் தேன் நிறம், வெல்ல நிறம். அம்பத்தஞ்சுலேர்ந்து பாரு, ஒவ்வொண்ணா இருண்டுக்கிட்டே வருது. அம்பத்தெட்டு மங்கல். அறுபதுக்கு மேல அமாவாசை. சீட்டுல நான் "இளம் பழுப்பு"ன்னு எழுதினதுக்கு நீ போட்டதெல்லாம் காபி டிகாக்‌ஷன். அறுபத்து மூணு மட்டும் இல்ல, ஒன்றரை வருஷமா என் சீட்டை நீ மதிக்கவே இல்ல!

அடர் சாயம் போட்டா கீறல் தெரியாது, உப்புத்தாள் பிடிக்கிற வேலை மிச்சம். சோம்பேறி ஆயிட்டியா? சொல்லு. எனக்கும் வயசாகுது, எனக்கும்தான் கை வலிக்குது. நான் ஏமாத்தறேனா?

இங்க லேப்லயும் ஒரே தலைவலி. புது டாக்டர் ஒருத்தர், பொடிப் பையன். நான் செஞ்ச பல் கேப் பக்கத்துப் பல்லோட சேரலையாம், மஞ்சளா இருக்காம். முப்பது வருஷமா மாதிரிப் பல் பட்டையைப் பக்கத்துல வச்சு நிறம் பார்க்கிறவகிட்ட வந்து நிறம் சொல்லித் தரான். நான் முதலாளிகிட்ட, "இந்தப் புது ட்யூப்லைட்தான் சரியில்ல"ன்னேன். மாத்திட்டார். மாத்தியும் போன வாரம் ரெண்டு திரும்பி வந்துடுச்சு. காலம் அப்படி.

போகட்டும். உனக்கு ஒரு பரீட்சை. அறுபத்து ஏழு வரைக்கும் உன்கிட்ட இருக்கு, இதோட அறுபத்து எட்டு வருது. சீட்டைப் படி: "தேன் நிறம். தேன் மட்டும்." இதையும் கருப்படிச்சேன்னா நான் செதுக்கறதை நீ தொட வேண்டாம்.

பல்லண்ணி


மார்ச் 31

அன்புள்ள அண்ணிக்கு,

அறுபத்து எட்டைச் சாயம் போடாமல் திருப்பி அனுப்புகிறேன். கூடவே என் பூதக்கண்ணாடியும் இருக்கிறது, அச்சுப் படி பார்க்க வைத்திருப்பது. காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கிண்ணமும் காம்பும் சேரும் வளைவில், ரேகைக்குக் குறுக்கே, உப்புத்தாள் கீறல் வரிவரியாக இருக்கிறது. விரலுக்குத் தட்டுப்படாது. கண்ணுக்குத்தான் தெரியும்.

ஐம்பத்தைந்தில்தான் இதை முதலில் பார்த்தேன். ஏதோ அவசரத்தில் விட்டிருப்பீர்கள் என்று நானே தேய்த்து எடுத்தேன். ஐம்பத்தாறிலும் இருந்தது. ஐம்பத்தேழை நான் தேய்த்த தேய்ப்பில் உங்கள் வடிவமே போய்விட்டது. அதன் பிறகு தேய்க்கவில்லை. சாயத்தை ஒரு படி கூட்டினேன். அடுத்ததற்கு இன்னொரு படி.

அறுபத்து மூன்றை வெளியில் எடுத்தபோது எனக்கும் மூச்சு நின்றது, அண்ணி. அப்படி ஒரு ரேகை. ஆனால் இடப்பக்கம், ரேகைகளுக்கு நடுவில், எள்ளளவு ஒரு குழி. மரத்தோடு பிறந்தது, யார் குற்றமும் இல்லை. நீங்கள் அதைக் கண்டிருந்தால் அந்தப் பக்கத்தை வேறு மாதிரி செதுக்கியிருப்பீர்கள். "மெழுகு மட்டும்" என்று நிச்சயம் எழுதியிருக்க மாட்டீர்கள். தேய்த்துப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்க அகலமாயிற்று. கீறலும் இருந்தது. வெறும் மெழுகில் அத்தனையும் பல்லைக் காட்டியிருக்கும்.

கடிகாரக்காரர் அடர்ந்த நிறம் கேட்டார் என்று எழுதியது பொய். அவர் எதுவும் கேட்கவில்லை. வாங்குகிறவர் யாரையும் நான் ஏமாற்றியதில்லை. ஒவ்வொருவர் கையிலும் இந்தக் கண்ணாடியைக் கொடுத்து, இங்கே கீறல், இங்கே குழி என்று காட்டிவிட்டுத்தான் விற்றேன். மறைத்தது உங்களிடமிருந்து மட்டும்.

உங்கள் மனம் நோகும் என்று சொல்லாமல் விட்டேன் என எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

என் கல்யாண வாழ்க்கை முடிந்து ஒற்றைப் பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்ற அன்று, வீட்டில் எல்லோரும் என்னிடம் ஏதோ ஒன்று கேட்டார்கள். நீங்கள் மட்டும் ஒரு பைப்பையும் தூரிகையையும் கையில் திணித்து, "இதைக் கொஞ்சம் பிடி, எனக்கு அடுப்புல வேலை இருக்கு," என்றீர்கள். அன்று பிடித்ததுதான். உங்கள் கண்ணைப் பற்றிச் சொன்னால் நீங்கள் செதுக்குவதை விட்டுவிடுவீர்கள், ரோஷக்காரி. விட்டுவிட்டால் பெட்டி வராது. ஒன்றரை மாதத்துக்கு ஒருநாள் அந்த டப்பாவைத் திறந்து பஞ்சை விலக்குகிற ஐந்து நிமிஷம் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காகப் பேசாமல் இருந்தேன். நாளெல்லாம் ஊரார் பிழையைச் சிவப்பில் வட்டமிடுகிறவள், உங்கள் பிழையைக் கறுப்பில் மூடிக்கொண்டிருந்தேன்.

லேப்பில் மஞ்சளாகத் திரும்பி வந்த பல்லைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. பைப் நமக்குப் பொழுதுபோக்கு. பல் உங்கள் பிழைப்பு. ட்யூப்லைட்டை இன்னும் எத்தனை முறை மாற்றுவார்கள்?

கண் டாக்டரிடம் போங்கள், அண்ணி.

உங்கள்
சாயக்காரி


ஏப்ரல் 9

சாயக்காரிக்கு,

கண்ணாடி வந்துது. பத்து மணிக்குப் பாத்தேன். பதினோரு மணிக்கும் பாத்தேன். உன் அண்ணனைக் கூப்பிட்டு, "இங்க கீறல் இருக்கா?"ன்னு கேட்டேன். அவர் பைப்பை வாயிலேர்ந்து எடுத்துட்டு, "லேசா"ன்னார். முப்பது வருஷத்துல அவர் அவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதில்ல.

கீறலை விடு. எனக்கு வேற ஒண்ணு ஆறல.

சந்தைக்கு வர்ற ஒவ்வொருத்தன் கையிலும் கண்ணாடியைக் குடுத்திருக்கே. இங்க பாருங்க, எங்க அண்ணிக்குக் கண்ணு தெரியாம விட்டது, இங்க பாருங்க, இது இன்னொண்ணு. போறவன் வர்றவனுக்கெல்லாம் தெரியும். குழாய் ஒழுகுதுன்னு கேக்கறாளே, அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும்தான் தெரியாது. ஒன்றரை வருஷமா நான் இங்க சீட்டுல கோடு போட்டு அதிகாரம் பண்ணிக்கிட்டிருக்கேன், நீ அங்க எனக்குப் பின்னாடி துடைச்சுக்கிட்டே வந்திருக்கே.

நான் உன்னைப் பாவம்னு நினைச்சு ஒருநாளும் எதுவும் செஞ்சதில்லடி. நிஜமாவே அன்னிக்கு எனக்கு அடுப்புல வேலை இருந்துது.

அறுபத்து எட்டு என்கிட்டயே இருக்கட்டும்.

பல்லண்ணி


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் எழுதியது சரி.  சமாதானமாக ஏதாவது எழுதினால் அதுவும் இன்னொரு பூச்சாகத்தான் இருக்கும். அதனால் எழுதவில்லை.

உங்கள் கண் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கீறலைக் காட்டியிருக்கிறேன், காரணம் சொன்னதில்லை. இது தப்பைக் குறைப்பதற்கில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன ஞாயிறு மேசையில் மூன்று பைப்தான் இருந்தது. கடிகாரக்காரர் வந்தார். அறுபத்து மூன்றை வாயில் வைத்துக்கொண்டே வந்தார், பற்றவைக்காமல். புதுசா ஏதும் வரவில்லையா என்றார். வரவில்லை என்றேன். என் முகம் எப்படி இருந்ததோ, எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"செதுக்கறவங்களுக்கும் உங்களுக்கும் சண்டையா?"

"ஆமாம்."

"அவங்களுக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

அவர் தண்டைக் கழற்றி, பைப்பைத் திருப்பி எனக்குக் காட்டினார். "புகை வர்ற இந்த ஓட்டையைப் பாருங்க. காம்புலேர்ந்து வந்து கிண்ணத்தோட அடியில நட்டநடுவுல முடியுது. ஒரு மயிரிழை தப்பல. தண்டு உக்கார்ற இடத்துல வெளிச்சமே நுழையாது. நான் நாள் முழுக்க லென்ஸ்ல வாழறவன். இந்தக் கை பிசகவே இல்லம்மா. கண்ணுதான் பிசகியிருக்கு." பிறகு தன் கண்ணைச் சுட்டினார். "எனக்கும் வந்துது. நான் மூணு வருஷம் பல்பு மாத்திக்கிட்டிருந்தேன். புரை. அரை மணி நேர வேலை. போயிட்டு வந்து கடையைப் பாத்தா, ஐயோ, இவ்வளவு தூசியான்னு ஆயிடுச்சு."

நான் ஒன்றும் சொல்லாமலே அவர் கண்டுபிடித்ததுதான் இது. குழியைக் காட்டிய அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கேட்காதவரை சொல்லக் கூடாது என்று இருந்தாராம். நானும் அப்படி இருந்தவள்தான். அவர் வெளியாள், இருக்கலாம். நான் இருந்திருக்கக் கூடாது.

பெட்டி வராவிட்டாலும் பரவாயில்லை. டாக்டரிடம் போனீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள்
சாயக்காரி


மே 12

சாயக்காரிக்கு,

ஒரு வரி கேட்டே. ஒரு வரியில முடியாது.

அன்னிக்கு எழுதினதை நான் திரும்ப வாங்கிக்கல. கோவம் இருந்துது, இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீ சமாதானம் சொல்லாம எழுதினே பாரு, அந்தக் கடுதாசியை நாலு நாள் தலைகாணிக்கு அடியில வச்சிருந்தேன். அஞ்சாம் நாள் உன் அண்ணன்கிட்ட, "கிளம்புங்க"ன்னேன். எங்கன்னுகூடக் கேக்கல மனுஷன். செருப்பைப் போட்டுக்கிட்டு நின்னார். எத்தனை நாளாக் காத்திருந்தாரோ!

ரெண்டு கண்ணுலயும் புரை. டாக்டரம்மா என்னைப் பாத்து, "நீங்க ரொம்ப நாளா அழுக்குக் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டிருக்கீங்க"ன்னா. மஞ்சளடிச்ச கண்ணாடியாம். நிறம் மாறறது நமக்கே தெரியாதாம், மெதுவா மாறுமாம். அப்போதான் எனக்கு அந்தப் பொடிப் பையன் டாக்டர் ஞாபகம் வந்தான்.

வலது கண்ணு ஆபரேஷன் ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆச்சு, இடதும் போன வாரம் ஆச்சு. ஆஸ்பத்திரியில உன் அண்ணன் காலி பைப்பை வாயில வச்சுக்கிட்டு உலாத்தினார். நர்ஸ் ஓடி வந்து, "சார், இங்க புகை பிடிக்கக் கூடாது!" "புகை எங்கம்மா?" "பைப் இருக்கே!" "துப்பாக்கி இருந்தா சுட்டதா அர்த்தமா?" கடைசியில பைப்பைப் பிடுங்கி என் பையில போட்டா. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு உள்ள சிரிக்கிறேன், சிரிக்காதீங்கன்னு டாக்டரம்மா அதட்டறா.

வீட்டுக்கு வந்து கண்ணுக் கட்டைப் பிரிச்சாச்சு. எங்க வீட்டுத் திரைச்சீலை சந்தன நிறம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்டி. அது வெள்ளை! உன் அண்ணனோட பழுப்புச் சட்டை இருக்கே, ரெண்டு கல்யாணத்துக்குப் போட்டுக்கிட்டுப் போனது, அது ஊதா! "ஏங்க சொல்லல?"ன்னா, "நீதானே எடுத்துக் குடுத்தே, உனக்குப் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்"ங்கறார். உங்க பரம்பரைக்கே வாயைத் திறக்க வராது போல.

லேப்புக்குப் போனதும் முதலாளி ரூம்ல போய் நின்னேன். இந்த மூணு மாசத்துல போன கேப் எல்லாத்தையும் திருப்பிக் கூப்பிடுங்க, நிறம் தப்பினது என் தப்பு, நான் மறுபடி செஞ்சு தரேன்னேன். அவர் அண்ணாந்து பாத்தார். அப்புறம், "ட்யூப்லைட்டைத் திரும்ப மாத்திடலாமா? பழசுதான் எனக்குப் பிடிச்சிருந்துது"ன்னார். பாத்ததுல நிறம் தப்பினது ஆறு கேப். அஞ்சு முடிஞ்சுது. அந்தப் பையன் டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். "உனக்கு நல்ல கண்ணுப்பா, பத்திரமா வச்சுக்கோ"ன்னேன். காது வரைக்கும் சிவந்துட்டான். சிவப்பு எவ்வளவு அழகா தெரியுது தெரியுமா!

இப்போ ஒண்ணு கேக்கறேன், முடியாதுன்னு சொல்லாதே. அறுபத்து மூணை ஒருதரம் நேர்ல பாக்கணும்.

பல்லண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துவிட்டேன். ஊதாச் சட்டையில் சிரித்துவிட்டு, ஆறு கேப்பில் எழுந்து முகம் கழுவப் போக வேண்டியதாயிற்று. பக்கத்து இருக்கையில் இருப்பவள், "யாருக்கு என்ன?" என்றாள். "எங்க அண்ணிக்குக் கண் தெரியுது," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. 

அறுபத்து மூன்று இந்தப் பெட்டியில் இருக்கிறது. சும்மா வரவில்லை. கடைக்குப் போய்க் கேட்டேன். கடிகாரக்காரர் லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "தர மாட்டேன்," என்றார்.

"பாத்துட்டுத் திருப்பிடுவாங்க."

"செஞ்சவங்க கைக்குப் போனா திரும்பாதும்மா. சரி பண்றேன்னு ஆரம்பிப்பாங்க. நானே அப்படித்தான், என்னிக்கோ சரி பண்ணிக் குடுத்த கடிகாரத்தைக் கண்டா, கொண்டா, இன்னும் சரி பண்றேன்னு மனசு சண்டை போடும்."

அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் மூன்று நிபந்தனை. பதினைந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். குழியை அடைக்கக் கூடாது. உப்புத்தாள் கிட்டேயே வரக் கூடாது. அதுவரை என் கைக்கடிகாரம் அவரிடம் பிணை. "பைப் வந்தா மணி வரும்," என்றார். மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் பார்த்து அலுவலகம் போகிறேன்.

பஞ்சை விலக்கும்போது நான் பக்கத்தில் இல்லையே என்றிருக்கிறது. இத்தனை வருஷமும் பெட்டியைத் திறக்கிறவள் நான்தான். அனுப்புகிறவர் மனசு இப்படித்தான் அடித்துக்கொள்ளும் என்று இன்றுதான் தெரிகிறது.

உங்களுக்குப் பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்றே எழுதுங்கள். இனி நமக்குள் பூச்சு வேண்டாம்.

உங்கள்
சாயக்காரி


மே 29

சாயக்காரிக்கு,

கடிகாரக்காரரோட பைப்பைத் தனியாச் சுத்தி வச்சிருக்கேன். பதினஞ்சு நாள் கெடு தாண்டல. உன் மணியைப் போய் வாங்கிக்கோ.

பெட்டி வந்தன்னிக்கு லீவு போட்டேன். உன் அண்ணனை ஜன்னல் திரையை விலக்கச் சொன்னேன் (வெள்ளைத் திரை!). பஞ்சை எடுத்தேன்.

கருப்பு இல்லடி அது.

கருப்புக்குள்ள சிவப்பு. வெளிச்சத்துல கொஞ்சம் திருப்பினா, ஒவ்வொரு ரேகையும் தனித்தனியா, கரியை ஊதினா தணல் கண்ணைத் திறக்குமே, அந்த மாதிரி. அடியிலேர்ந்து வாய் வரைக்கும் நேர் நேரா. எண்ணலாம் போல இருந்துது. எண்ணவும் ஆரம்பிச்சேன், நாப்பதுக்கு மேல கண்ணு கலங்கிடுச்சு, சொட்டு மருந்துதான் காரணம்னு உன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.

நான் மெழுகு மட்டும் போடச் சொன்னேன். போட்டிருந்தா அழகாத்தான் இருந்திருக்கும். ஆனா இந்த ரேகை இவ்வளவு பேசியிருக்காது. நான் செதுக்கினதுல எது இருக்குன்னு நீ எனக்கே காட்டியிருக்கே. அதைப் பாத்துதான் நான் கருகின கத்தரிக்கான்னேன். அந்த வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கிக்கறேன். மத்தபடி, என்கிட்ட சொல்லாம இருந்ததுக்கு நீ இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்குத் திட்டு வாங்கணும், பாக்கி இருக்கு.

குழியைப் பாத்தேன். எள்ளு இல்ல, நீ மரியாதைக்கு எள்ளுன்னு எழுதியிருக்கே. கடுகு. கீறலையும் பாத்தேன். கை துறுதுறுன்னு வந்துது. உப்புத்தாளை எடுத்தே எடுத்துட்டேன். வாசப்படியில நின்னுக்கிட்டு உன் அண்ணன், "கடிகாரம்"னு ஒத்தை வார்த்தை. வச்சுட்டேன். தண்டை மட்டும் பாலிஷ் சக்கரத்துல ஒரு பிடி பிடிச்சேன். அது நிபந்தனையில இல்ல, நல்லாப் படிச்சுட்டுத்தான் செஞ்சேன்.

அப்புறம் மிச்சப் படத்தையெல்லாம் மறுபடி பாத்தேன். அம்பத்தெட்டை மங்கல்னு எழுதினேனே. அது மங்கல் இல்ல, மழைக்கு முன்னாடி வானம். அறுபதும் அமாவாசை இல்ல. ஒன்பது வருஷமா நீ என்ன செய்யறேன்னு நான் பாக்கவே இல்லயோன்னு தோணுது. சீட்டு எழுதி அனுப்பறதோட என் வேலை முடிஞ்சுதுன்னு இருந்துட்டேன். புரை வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான். அதுக்கு டாக்டரம்மாகிட்ட மருந்து இல்ல.

அறுபத்து எட்டை நானே மறுபடி நைஸா தேய்ச்சு உன் அண்ணனுக்குக் குடுத்துட்டேன், சாயம் இல்லாம. காலியா வச்சு உறிஞ்சறதுக்கு அது போதும். நர்ஸைக் கண்டா மட்டும் பையில போட்டுக்கறார்.

இதோட புது பைப் ஒண்ணு வருது. கண்ணு சரியானப்புறம் முதல். மூணு நாள்ல முடிஞ்சுடும்னு நினைச்சேன், பதினாறு நாள் ஆச்சு. முன்னாடி விட்டதெல்லாம் இப்போ தெரியுதே, எப்படி விடறது? உன் பூதக்கண்ணாடியையும் வச்சிருக்கேன். எடுத்துக்கோ, அச்சகத்துல தேடுவாங்க. சந்தையில எவன் கேட்டாலும் தாராளமாக் குடு. முதல்ல நீ பாரு.

பைப் எடுக்கறப்ப பதமா எடு. சீட்டு கிண்ணத்துக்குள்ள சுருட்டி வச்சிருக்கேன்.

பல்லண்ணி


(கிண்ணத்துக்குள் இருந்த சீட்டு)

எண்: 69

மரம்: பிரையர். வலது பக்கம், வாய்க்குக் கீழ, ஒரு குழி இருக்கு. பாத்துட்டேன்.

சாயம்: உன் இஷ்டம்.